குமண காட்டில் கருங்கழுத்து நாரை: முழுமையான வழிகாட்டி

குமணவுக்குப் பறவை பார்க்கப் போய்வந்தவர்களிடம் கருங்கழுத்து நாரையைக் கண்டீர்களா என்று கேட்டால் சிலர் சட்டென்று ஓம் என்பார்கள். படத்தைக் காட்டச் சொன்னால் அதில், நிறத்தில் மட்டும் அதைப்போல இருக்கும் வேறொரு பறவையான வெள்ளை அரிவாள் மூக்கன் நிற்கும். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. முதல் பயணத்தில் நானும் தூரத்தில் நின்ற ஓர் அரிவாள் மூக்கனைப் பார்த்து ஜீப்புக்குள் எழும்பி நின்று கத்தினேன். கூட வந்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

அந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய பிழை அதுவல்ல. பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடும் இடத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்து இந்தப் பறவையைத் தேடினேன். கருங்கழுத்து நாரை கூட்டத்தில் நிற்கிற சாதியில்லை. தனியாக நிற்கும், மிஞ்சினால் சோடியாக நிற்கும். இதை விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று பயணம் பிடித்தது. உங்களுக்கு ஒன்றோடு முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் குமண?

இலங்கையில் கருங்கழுத்து நாரை மிக அரிது. யால, குமண, புந்தல என்று தென்கிழக்குக் கரையோரம்தான் பெரும்பாலும் கண்ணில் படுகிறது. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் அங்கங்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஓரளவு தாராளமாக இருக்கிறது, அங்கே அதை ஜபிரு என்கிறார்கள். கிழக்கு மாகாணத்தில் இருக்கிற நமக்குக் கிட்டிய வாய்ப்பு, அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள குமண தேசியப் பூங்காதான்.

1938 இல் குமண பறவைகள் சரணாலயம் ஆனது. பிறகு யால கிழக்குப் பூங்காவுக்குள் அடங்கியது. 2006 இல் குமண தேசியப் பூங்கா என்று பெயர் மாறியது. பரப்பு 35,664 ஹெக்டேயர். 1985 முதல் 2003 வரை போரால் மூடிக் கிடந்தது. 2010 இல் இதன் ஈரநிலங்கள், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கதிர்காமத்துக்கு நடந்து போன குடும்பங்களுக்கு இந்த இடம் புதிதல்ல. உகந்தை முருகன் கோயிலில் தங்கி, அங்கிருந்து காட்டுக்குள் இறங்கிக் கும்புக்கன் ஆற்றைக் கடக்கிறார்களே, அந்தக் காடுதான் இது. பூங்காவின் வாசலும் உகந்தையில்தான்.

உள்ளே பெயர் போன இடம் குமண வில்லு. ஏறத்தாழ 200 ஹெக்டேயர் சதுப்பு. கும்புக்கன் ஆற்றிலிருந்து அரை மைல் நீளமான ஒரு ஒடுக்கமான வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது, எப்போதாவது கடல்நீரும் ஏறிவிடும். கிண்ணை மரங்கள் அடர்ந்த அந்தச் சதுப்பில்தான் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை நாரை, கொக்கு, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் கூடு கட்டிக் கூச்சல் போடும். அதைப் பார்க்கவே போகலாம். ஆனால் நம்முடைய ஆளை அங்கே மட்டும் தேடக்கூடாது. உகந்தையிலிருந்து வில்லு வரைக்குமான வழியில், பாதைக்கும் கடலுக்கும் இடையில் சின்னச் சின்னக் களப்புகள் கிடக்கின்றன. மற்ற ஜீப்புகள் ஒரு நிமிடம்கூட நிற்காமல் தாண்டிப் போகும் அந்தக் களப்போரங்களில்தான் உங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

முதலில் ஊரிலேயே கண்ணைப் பழக்குங்கள்

அரிய பறவையை அடையாளம் காணச் சுருக்கு வழி, சாதாரணப் பறவைகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகுவது. அதற்குக் குமண போகத் தேவையில்லை. மட்டக்களப்பு வாவிக் கரையில் நாலு விடியற்காலை போதும். அல்லது அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்து வயல் வட்டைகளில் உழவு நடக்கும்போது வரம்பில் போய் நில்லுங்கள். உழவு மெஷினுக்குப் பின்னால் கொக்குகள் ஓடும், நத்தைகுத்தி நாரை சேற்றைக் கிளறும், ஆள்காட்டி உங்களைக் கண்டதும் ஊரைக் கூட்டும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாரை என்கிற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு குடும்பங்களுக்குப் பாவிக்கிறோம். சாம்பல் நாரையும் செந்நாரையும் உண்மையில் கொக்கின் உறவு. பறக்கும்போது கழுத்தை எஸ் வடிவில் மடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கருங்கழுத்து நாரை எல்லாம் வேறு குடும்பம். இவை கழுத்தை ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு பறக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு: மொட்டைத் தலையோடு கிழவன்போல நிற்கும் சிறு பெருநாரை, நாரைக் குடும்பமாக இருந்தும் கழுத்தை மடித்துத்தான் பறக்கும். குமணவில் அதையும் காணலாம். வாவிக் கரையில் நின்று ஒவ்வொரு பறவையும் கழுத்தை நீட்டுகிறதா மடிக்கிறதா என்று மட்டும் ஒரு வாரம் பார்த்துப் பழகுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆள் எப்படி இருக்கும்

உயரம் 130 முதல் 150 சென்டிமீட்டர். பத்து வயதுப் பிள்ளை ஒன்று தண்ணீரில் நிற்கிற மாதிரி. எருமைக்குப் பக்கத்தில் நின்றாலும் குள்ளமாகத் தெரியாது. இறக்கையை விரித்தால் ஏழு அடிக்கு மேல் போகும்.

தலையும் கழுத்தும் கறுப்பு. ஆனால் வெறும் கறுப்பு இல்லை. வெயில் பட்டால் நீலமும் பச்சையும் மின்னும், உச்சந்தலையில் செம்புச் சாயல் தெரியும். உடம்பு வெள்ளை. மடித்த இறக்கையில் அகலமான கறுப்புப் பட்டை. வால் கறுப்பு. அலகு கறுப்பு, தடிப்பு, நீளம். கால்கள் பவளச் சிவப்பு. வளர்ந்த பறவை என்றால் இந்தக் காலே பாதி அடையாளம்.

ஆணையும் பெண்ணையும் கண்ணின் நிறத்தை வைத்தே பிரிக்கக்கூடிய நாரைகள் உலகில் அதிகமில்லை, இது அப்படியான ஒன்று. பெண்ணுக்கு மஞ்சள் கண், ஆணுக்குக் கரும்பழுப்புக் கண். நல்ல பைனாகுலர் இருந்தால் ஓரளவு தூரத்திலும் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். இளம் பறவை வேறு மாதிரி இருக்கும்: தலை, கழுத்து, முதுகு எல்லாம் மங்கிய பழுப்பு, காலிலும் சிவப்பு இல்லை. பெற்றோரோடு நிற்காவிட்டால் பலரும் அதை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இனி ஏமாற்றுகிறவர்கள். முதல் ஆள் வெள்ளை அரிவாள் மூக்கன். கறுப்புத் தலை, கறுப்புக் கழுத்து, வெள்ளை உடம்பு. நிறத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் இரண்டும் ஒரே பறவைதான். தூரத்தில், பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லாமல், கானல் ஆடும் நேரத்தில் பார்த்தால் யாரும் தடுமாறுவார்கள். அப்போது மூன்றைக் கவனியுங்கள். அலகு அரிவாள் போல வளைந்திருந்தால் அது அரிவாள் மூக்கன். காலும் கறுப்பாக இருந்தால் அரிவாள் மூக்கன். பக்கத்தில் நிற்கும் பெரிய கொக்கைவிட உயரம் குறைவு என்றாலும் அரிவாள் மூக்கன்தான். பெரும்பாலும் அது கூட்டமாகவும் இருக்கும்.

இரண்டாவது மஞ்சள் மூக்கு நாரை. சிலர் சங்குவளை நாரை என்பார்கள். கிட்டத்தில் குழப்பமே வராது: மஞ்சள் அலகு, நெஞ்சில் கறுப்புப் பட்டி, பின்பக்கம் ரோசாப் பூச்சு. ஆனால் சூரியனுக்கு எதிராக நின்றால் எல்லா நாரையும் கறுப்புத்தான். மூன்றாவது வெண்கழுத்து நாரை. பெயரைப் பார்த்தாலே விளங்கும், எல்லாம் தலைகீழ். பழைய பிலிம் படத்தின் நெகட்டிவ் மாதிரி, அதற்குக் கழுத்து வெள்ளை, உடம்பு கறுப்பு.

பறக்கும்போது பிரிப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். மஞ்சள் மூக்கு நாரைக்கும் நத்தைகுத்திக்கும் இறக்கையின் பின்பகுதிச் சிறகுகள் கறுப்பு. கருங்கழுத்து நாரைக்கு இறக்கையின் முன் ஓரமும் பின் பகுதியும் வெள்ளை, நடுவால் ஒரு கறுப்புப் பட்டை ஓடும். நீட்டிய கறுப்புக் கழுத்து, பின்னால் நீண்டு தெரியும் சிவப்புக் கால், நடுவே அந்தப் பட்டை. ஒரு தடவை சரியாகக் கண்டுவிட்டால் பிறகு மறக்காது.

எந்த மாதம்?

மே முதல் ஆகஸ்ட் வரை என்பது என் கணக்கு. வாடைமழை ஒக்டோபரில் பிடித்து ஜனவரி வரை ஊற்றும்போது தண்ணீர் காடெல்லாம் பரந்துவிடும், பறவைகளும் அதோடு பரந்துவிடும். கச்சான் காற்று தொடங்கி வெயில் ஏற ஏறக் களப்புகள் வற்றிச் சுருங்கும். மீன்கள் குழிகளில் அடைபடும். நீண்ட அலகுக்காரர்களுக்கு அதுதான் விருந்து. தண்ணீர் குறையக் குறைய நீங்கள் தேட வேண்டிய இடமும் குறைகிறது என்பது நமக்கு லாபம். மே, ஜூனில் போனால் வில்லுவின் கூட்டுக் கூச்சலையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிப் பாதயாத்திரைக்காகக் காட்டுப்பாதை திறக்கும் நாட்களில் ஆயிரக்கணக்கான அடியார்கள் நடப்பார்கள். அது பறவை பார்க்கிற நேரமில்லை. வரட்சி கடுமையான காலத்திலும் போகுமுன் பூங்கா திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

வலசைப் பறவைகளும் வேண்டும் என்றால் பெப்ரவரி, மார்ச் நல்லது. உள்ளான் கூட்டங்கள் நிற்கும். ஆனால் இந்த நாரைக்கு அதுவல்ல என் முதல் தெரிவு.

போவதும் ஜீப் பேசுவதும்

மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி வழியாகப் பொத்துவில் நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து அறுகம்பை, பாணமை தாண்டி உகந்தைக்கு இன்னும் முப்பதுக்கு மேல். பூங்கா காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகிறது. ஆகவே அன்று காலை வீட்டிலிருந்து புறப்பட்டுப் போகலாம் என்று கனவு காணாதீர்கள். முதல் நாளே பொத்துவிலிலோ பாணமையிலோ தங்கிவிடுங்கள். அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். உள்நாட்டாருக்கும் வெளிநாட்டாருக்கும் கட்டணம் வேறு.

ஜீப்காரரிடம் பேசும் பேச்சுத்தான் பயணத்தின் பாதி. சும்மா ஏறினால் அவர் நேரே சிறுத்தை தேடித்தான் ஓட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, வருகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் அதைத்தான் கேட்கிறார்கள். நான் முதல் நாள் இரவே பேசி முடித்துவிடுவேன். பொத்துவிலில் ஒரு நானாவோடுதான் வழக்கமாகப் போவது. முதல் தடவை அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"சிறுத்தை வேணாம் நானா, களப்பு களப்பா நிப்பாட்டிப் போகணும்" என்றேன்.

"கரடி?"

"கரடியும் வேணாம்."

"அப்ப என்னத்துக்குத் தம்பி முழு நாள் ஜீப்பு?"

படத்தைக் காட்டிய பிறகுதான் தலையாட்டினார். அடுத்த முறை படம் தேவைப்படவில்லை. என்னைவிட அவருக்குத்தான் இப்போது அந்தப் பறவையில் ஆசை.

பேச வேண்டியவை இவ்வளவுதான்: முழு நாள், நிறுத்தும் இடத்தில் எல்லாம் எஞ்சினையும் நிறுத்துவது, பாட்டு வேண்டாம், வேகம் வேண்டாம். அரை நாள் ஜீப் எடுத்தால் காசு மிச்சம் போலத் தெரியும், ஆனால் நல்ல வெளிச்சம் கிடைக்கும் பின்னேரம் கையை விட்டுப் போய்விடும்.

பைனாகுலர் 8×42, அதாவது 8 மடங்கு பெரிதாக்குவது, போதும். 10 மடங்கு வாங்கினால் நல்லதுதானே என்று கேட்பார்கள். நின்றுகொண்டிருக்கும் ஜீப்பில்கூட யாராவது அசைந்தால் 10 மடங்கில் படம் ஆடும். கமரா கொண்டு போகிறவர்கள் ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியைக் கட்டி ஜீப்பின் கதவு விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாத்தினால் முக்காலியே தேவையில்லை. ஜீப்புக்குள் முக்காலி தொல்லை. தண்ணீர் நிறைய, சாப்பாடு கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், பொலித்தீன் வேண்டாம். உடுப்பு மண் நிறம், இலை நிறம். வெள்ளை சேட்டு போடாதீர்கள்.

உள்ளே போன பிறகு

வாசல் தாண்டியதும் அவசரப்படாமல் முதல் களப்பிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது இருபது நிமிடம். பறவை கூட்டமாக நிற்கும் பக்கத்தை முதலில் பார்த்து முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கண் திரும்பத் திரும்ப அங்கேயே போகும். பிறகு கூட்டம் இல்லாத பக்கத்தைப் பாருங்கள். தூரக் கரை, புல் தண்ணீரில் இறங்கும் விளிம்பு, எருமைகள் கிடக்கும் சேறு, பட்ட மரத்தின் நிழல். பைனாகுலரை இடமிருந்து வலமாக ஒரு தடவை ஓட்டுங்கள், பிறகு வலமிருந்து இடமாக. திரும்பி ஓட்டும்போதுதான் அதிகம் அகப்படும். ஏனென்று தெரியாது, என் அனுபவம் அப்படி.

கடல் நமக்குத் தென்கிழக்கில் இருப்பதால் காலையில் களப்புப் பக்கம் பார்த்தால் வெளிச்சம் கண்ணில் குத்தும், நிறம் தெரியாது. காலையில் உருவத்தையும் நடையையும் மட்டும் நம்புங்கள், சந்தேகமான இடங்களைக் குறித்து வையுங்கள். பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு அதே வழியால் திரும்பும்போது சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். பவளக் கால் அப்போது எரிகிற மாதிரித் தெரியும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் கானல். அந்த நேரத்தை வில்லுவுக்கு வையுங்கள். அங்கே பறவைகள் கிட்டத்தில் மரத்தில் இருப்பதால் கானல் அவ்வளவு தொல்லை தராது.

நான் முதலில் சரியாகக் கண்டது அப்படி ஒரு பின்னேரம்தான். பாதி வற்றிய களப்பு. நடுவில் மஞ்சள் மூக்கு நாரைகள் நாற்பது, ஐம்பது நின்றன. நான் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். நானா மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, கூட்டத்த விடுங்க. வலப்பக்கம், அந்தக் கட்டைக்கு அங்கால. ஒத்தையா நிக்கிது பாருங்க."

"எருமைக்குப் பக்கத்திலயா நானா?"

"ஓம், அதுதான்."

முழங்கால் தண்ணீரில் நின்றது. நடை நிதானம்: ஒரு காலைத் தூக்கி, விரல்களைச் சுருக்கி, தண்ணீர் அசையாமல் முன்னே வைத்து, பிறகு மற்றக் கால். அலகு பாதி திறந்து தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தது. திடீரென்று அந்த நிதானமெல்லாம் போய், இறக்கையைப் பாதி விரித்துக்கொண்டு கோழிக் குஞ்சைத் துரத்துகிற மாதிரி நாலைந்து எட்டு ஓடிக் குத்தியது. கையளவு மீன். அலகு நுனியில் இரண்டு தடவை திருப்பிப் போட்டு, தலை பக்கமாக விழுங்கியது. விழுங்கும்போது கழுத்து வீங்கி, அந்தக் கறுப்பு ஒரு கணம் மயில் நீலமாகிப் பிறகு பச்சையாகித் திரும்பக் கறுப்பானது. பிறகு தலையைத் திருப்பியது. மஞ்சள் கண். பெண். எருமை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சோடியாக நின்றால் அவசரப்பட்டு நகராதீர்கள். இரண்டும் எதிரெதிரே நின்று, இறக்கைகளை விரித்து நுனிகளைப் படபடக்க வைத்து, அலகைத் தட்டும். அதன் நடனம் அதுதான். வளர்ந்த நாரைகள் குரல் எழுப்புவது அரிது, அலகால்தான் பேச்சு. குரலை வைத்துத் தேடலாம் என்று எண்ண வேண்டாம்.

எதைச் செய்யக்கூடாது

ஜீப்பிலிருந்து அனுமதித்த இடம் தவிர இறங்காதீர்கள். பறவைக்காக மட்டும் சொல்லவில்லை. களப்புகளில் முதலை உண்டு, யானையும் கரடியும் உங்களிடம் அனுமதி கேட்டு வராது. பறவை தலையை நிமிர்த்தி அசையாமல் உங்களைப் பார்க்கத் தொடங்கினால் நீங்கள் கூடக் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். ஜீப்பை மெல்லப் பின்னுக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

கூட்டைக் கண்டால் யாருக்கும் இடத்தைச் சொல்லாதீர்கள், முகநூலில் படம் போடாதீர்கள். இது வில்லுவில் மற்றப் பறவைகளோடு நெருக்கியடித்துக் கூடு கட்டாது. தனித்த உயரமான மரத்தின் உச்சியில் சுள்ளிகளால் பெரிய மேடை கட்டும். மரம் தெரிந்தால் ஜீப்புகள் வரிசை கட்டும். சோடிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்டில் ஒரு கூடு கலைவது சின்ன விசயமில்லை.

கண்டதை எழுதுவது

குறிப்புப் புத்தகத்தில் அந்த இடத்திலேயே எழுதுங்கள், வீட்டுக்குப் போய் அல்ல. திகதி, நேரம், எந்தக் களப்பு, எத்தனை பறவை, கண்ணின் நிறம், காலின் நிறம், வளர்ந்ததா இளசா, என்ன செய்துகொண்டிருந்தது. படம் எடுத்தால் அழகுக்காக ஒன்று, அலகும் காலும் ஒரே சட்டத்தில் தெளிவாகத் தெரிய ஒன்று. பறவைக் குறிப்புகளைப் பதியும் ஈபேர்ட் செயலியில் பதிந்தால் அரிய பறவை என்று விபரம் கேட்பார்கள், மேலே சொன்னவற்றை அப்படியே கொடுக்கலாம். வாசல் தாண்டியதும் சிக்னலை நம்ப முடியாது, ஆகவே செயலியை முதல் நாளே திறந்து வரைபடத்தை இறக்கி வையுங்கள்.

காணாவிட்டால்

அது நடக்கும். எனக்கு இரண்டு தடவை நடந்தது. ஆறு மணிக்கு முன் வாசலை விட்டு வெளியே வர வேண்டும் என்பதால் ஐந்தரைக்கே உகந்தைப் பக்கம் வந்துவிடுங்கள். நேரம் இருந்தால் கோயிலடியில் ஒரு பிளேன்டீ. திரும்பும் வழியில் பாணமைக் குளத்தடியில் இருட்டுமுன் பத்து நிமிடம் நிற்கலாம். பொத்துவிலில் இன்னொரு இரவு தங்க வசதி இருந்தால் மறுநாள் காலை பொத்துவில் களப்பையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு பஸ் ஏறலாம். முதல் நாள் சந்தேகம் என்று குறித்து வைத்த களப்புகளின் பட்டியலை மட்டும் எறிந்துவிடாதீர்கள். நான் கடைசியில் அந்தப் பெண் பறவையைக் கண்ட களப்பு, முந்தைய பயணத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்த இடம்தான்.